ஓர் உறைக்குள் இரு வாள்: தரவுத்தளக் கருவிகளும் மென்பொருள் களஞ்சியங்களும்

பவளம், பழம், பறவை. இந்த மூன்று சொற்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னால் தமிழ்ப்பள்ளி மாணவன் இப்படித்தான் எழுதுவான். வகரத்திற்குப் பின் ழகரம், அதன் பின் ளகரம், பிறகு றகரம், கடைசியில் னகரம் என்று நாம் எல்லாரும் வாய்ப்பாடு போல ஒப்பித்த வரிசை அது. இதே மூன்று சொற்களைக் கணினியிடம் கொடுத்து, வேறெந்த விதியும் சொல்லாமல் விட்டால், பறவை, பழம், பவளம் என்று தலைகீழாகத் திருப்பித் தரும். காரணம், கணினி எழுத்தைப் பார்ப்பதில்லை; யூனிகோட் அந்த எழுத்துக்குக் கொடுத்த எண்ணைத்தான் பார்க்கிறது. றகரத்தின் எண் 2993, ழகரத்தின் எண் 2996, வகரத்தின் எண் 2997. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி குறியீட்டைத் தழுவி, தேவநாகரி எழுத்துகளுக்கு இணையான இடங்களில் தமிழ் எழுத்துகளையும் அமர்த்தியதால் வந்த வினை இது. அந்த ஏற்பாட்டில் னகரம் நகரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. 'கப்பல்' என்ற சொல்லுக்கு முன்னால் 'கன்னி' வந்து நிற்பதும் அதனால்தான்.

நம் கழக அலமாரியில் உள்ள நூல்களுக்குக் கணினிப் பட்டியல் ஒன்றை உருவாக்கும் பணியைச் சென்ற தவணை நாங்கள் நால்வர் ஏற்றுக்கொண்டோம். செயற்குழு கேட்டது இரண்டே இரண்டு. நூல்தலைப்புகள் தமிழ் அகரவரிசையில் வர வேண்டும். 'கவிதைகள்' என்று தேடினால் 'கவிதை' என்று தலைப்பிட்ட நூலும் அகப்பட வேண்டும்.

இவ்விரண்டிற்கும் வழி ஏற்கனவே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற கட்டற்ற தரவுத்தள மென்பொருள் 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு என்னும் பன்மொழி நிரல்தொகுதியின் வரிசை விதிகளைப் பயன்படுத்துகிறது. அதற்கு முன்பெல்லாம் இயங்குதளம் என்ன வரிசை வைத்திருக்கிறதோ அதுவே கதி. 2019இல் வந்த 12ஆம் பதிப்பு, தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் கழித்துவிட்டுத் தேடும் ஸ்னோபால் முறையைச் சேர்த்தது. 2022இல் வந்த 15ஆம் பதிப்பில், ஒரு தரவுத்தளம் முழுமைக்கும் ஐசியு வரிசையையே இயல்பு வரிசையாக வைத்துக்கொள்ளலாம். விகுதி கழிக்கும் அந்த முறை நன்னூல் படித்த பேராசிரியரைப் போல வேலை செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள்; அது சில விதிகளின் கோவை மட்டுமே. ஆனாலும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

ஆகவே எங்களுக்கு 15 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும். அதோடு நிரல் எழுதுவதற்குரிய மேம்பாட்டுக் கருவிகளும் வேண்டும். மென்பொருள் எல்லாம் இலவசம்தானே, பதிவிறக்கினால் போயிற்று என்று தோன்றும். அந்தப் பதிவிறக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கணினித் துறையில் பயிலாதவர்களும் படிப்பார்கள் என்பதால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

பொதி, களஞ்சியம், பொறுப்பாளர்

லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருளைத் தனித்தனிக் கோப்பாகத் தேடிப்பிடித்து நிறுவும் வழக்கம் குறைவு. மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டுக் களஞ்சியங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பொதி என்றதும் தமிழ்ப்பள்ளி வாசிப்பு நூலில் வந்த கழுதைதான் எனக்கு நினைவுக்கு வரும். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அதே பொருளைப் 'பாக்கேஜ்' என்றும் 'பாக்கெஜ் பெரிசியான்' என்றும் படித்தேன். கழுதை சுமப்பது போலவே இந்தப் பொதியும் தனியாக வருவதில்லை. பின்னால் இன்னும் நான்கு பொதிகளை இழுத்துக்கொண்டு வரும். எந்தப் பொதிக்கு எந்தப் பொதி துணை, எது எதோடு சேராது என்று பார்த்து ஒழுங்குபடுத்தும் வேலையை ஒரு பொறுப்பாளர் நிரல் செய்கிறது. ரெட் ஹேட் குடும்பத்தில் அதன் பெயர் டிஎன்எஃப். டெபியன், உபுண்டு குடும்பத்தில் ஏபிடி.

ஒரே களஞ்சியம் இருக்கும்வரை பொறுப்பாளருக்குத் தலைவலி இல்லை. அந்தக் களஞ்சியத்தை நடத்துபவர்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குகிறார்கள். ஆனால் நிலைத்த பதிப்புகளை வெளியிடும் இயங்குதளங்கள் புதுமையை விரும்புவதில்லை. சென்ட்ஓஎஸ் 7இல் இருந்த போஸ்ட்கிரெஸ் 9.2ஆம் பதிப்பு. அந்தப் பதிப்பு முதன்முதலில் வெளிவந்தது 2012இல். சென்ட்ஓஎஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் 30ஆம் நாள் முடியும்வரை அதுதான் அங்கே வீட்டுச் சமையல். புதியது வேண்டுவோர் வெளியே போய்த்தான் சாப்பிட வேண்டும்.

அந்த 'வெளியே' என்பது எப்போதுமே பல கடைகளைக் கொண்டது. 2000களில் ரெட் ஹேட் குடும்பத்திற்கு ஆர்பிஎம்ஃபோர்ஜ், ஏடிஆர்பிஎம்ஸ், லிவ்னா என்று பல தனியார் களஞ்சியங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன்னளவில் பயனுள்ளது. இரண்டை ஒரே கணினியில் சேர்த்தால் ஒன்று வைத்த பொதியை மற்றொன்று மாற்றும். அந்தக் கால நிர்வாகிகள் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. லிவ்னா உள்ளிட்ட சில களஞ்சியங்கள் 2008இல் ஆர்பிஎம் ஃபியூஷன் என்று ஒன்றாயின. ஈபெல் என்ற களஞ்சியம், இயங்குதளத்தின் அடிப்படைப் பொதி எதையும் மாற்றிப் போடுவதில்லை என்ற கொள்கையோடு வளர்ந்தது. அந்தக் கொள்கை ஒன்றாலேயே ஈபெல் இன்றுவரை நம்பிக்கைக்குரியதாக நிற்கிறது என்பது என் கருத்து.

தரவுத்தள மென்பொருளுக்கு அந்தக் கொள்கை பொருந்தாது. போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களே ஒரு களஞ்சியம் நடத்துகிறார்கள். பிஜிடிஜி என்று பெயர். இயங்குதளத்தில் உள்ள போஸ்ட்கிரெஸுக்குப் பதிலாக வேறொரு போஸ்ட்கிரெஸைக் கொடுப்பதுதான் அதன் வேலையே. அங்கேதான் ஓர் உறைக்குள் இரண்டு வாள் வந்து நிற்கிறது.

'எல்லாம் வடிகட்டப்பட்டது'

கழகத்திற்குக் கிடைத்த கணினியில் ராக்கி லினக்ஸ் 8 இருந்தது. சென்ட்ஓஎஸ் 8இன் ஆதரவு 2021 டிசம்பர் 31ஆம் நாளோடு நிறுத்தப்பட்டபோது பலர் இடம்பெயர்ந்த வீடுகளில் ராக்கியும் ஒன்று. எங்கள் குழுவில் இருந்த முதலாமாண்டுத் தம்பி ஒருவன், ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்துப் பிஜிடிஜி களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டு, 16ஆம் பதிப்பின் சேவையகத்தை நிறுவக் கட்டளை கொடுத்தான்.

"அண்ணே, களஞ்சியத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது. நிறுவச் சொன்னால் எல்லாம் வடிகட்டப்பட்டது என்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லையே!"

அவன் சொன்னது முற்றிலும் சரி. ரெட் ஹேட் 8இன் குடும்பத்தில் 'மாட்யூல்' என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரே மென்பொருளின் பல பதிப்புகள் தனித்தனி ஓடைகளாக ஒரே களஞ்சியத்தில் இருக்கும். போஸ்ட்கிரெஸுக்கு 9.6, 10, 12, 13, 15, 16 என ஓடைகள் வந்தன. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10தான் இயல்பு ஓடை. ஓர் ஓடை நடப்பில் இருந்தால், அதே பெயரையோ அதே பணியையோ உரிமை கொண்டாடும் வெளிக்களஞ்சியப் பொதிகளை டிஎன்எஃப் மறைத்துவிடும். பிஜிடிஜியின் பொதிக்குப் பெயர் சற்று வேறு. ஆனால் 'நானும் போஸ்ட்கிரெஸ் சேவையகம்தான்' என்று அது தன் விவரக் குறிப்பில் அறிவித்துக்கொள்கிறது. அந்த ஒரு வரியால் அது வடிகட்டப்படுகிறது. பிஜிடிஜியின் வழிகாட்டலிலேயே போஸ்ட்கிரெஸ் மாட்யூலை முடக்கிவிட்டு நிறுவுமாறு எழுதியிருப்பது இதனால்தான். பலர் அந்த வரியை ஏன் என்று தெரியாமலேயே ஒட்டிவிடுகிறார்கள். தம்பி பார்த்த வழிகாட்டியிலோ அது இல்லை.

ஆனால் முடக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓடைகளின் பட்டியலைத் தம்பியோடு சேர்ந்து பார்த்தோம். அதில் 16 இருந்தது! ரெட் ஹேட் 8.10 வெளிவந்த 2024ஆம் ஆண்டு மே மாதம் சேர்ந்த ஓடை அது. நமக்கு வேண்டிய ஐசியுவும் தமிழ்த் தேடலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது, வெளிக்கடை எதற்கு? வழிகாட்டிகள் பெரும்பாலும் எழுதப்பட்ட ஆண்டின் நிலையைச் சொல்கின்றன. 2019இல் எழுதியவருக்கு வெளியே போவதைத் தவிர வழியில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

டெவல் பொதியின் கதை

சேவையகம் மட்டும் போதும் என்றால் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். நிரல் எழுதப் போகிறவனுக்குத்தான் உண்மையான சிக்கல் ஆரம்பம்.

ஒரு தரவுத்தளத்தோடு பேசும் நிரலை உருவாக்க மூன்று பொருள்கள் தேவை. தரவுத்தளத்தோடு பேசத் தெரிந்த லைப்ரரி ஒன்று. போஸ்ட்கிரெஸில் இதன் பெயர் லிப்பிகியூ. அந்த லைப்ரரியில் என்னென்ன செயல்கள் உண்டு என்று தொகுப்பிக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகள். இவையெல்லாம் எந்த அடைவில் இருக்கின்றன என்று கேட்டால் சொல்லும் பிஜி_கான்ஃபிக் என்னும் சிறு நிரல். முதலாவது சாதாரணப் பொதியில் வரும். மற்ற இரண்டும் ரெட் ஹேட் குடும்பத்தில் 'டெவல்' என்றும், டெபியன் குடும்பத்தில் 'டெவ்' என்றும் முடியும் தனிப் பொதியில் வரும். வெறுமனே பயன்படுத்துவோருக்கு இவை தேவையில்லை என்பதால் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரித்து வைத்ததுதான் வம்பு. பானை ஒரு கடையிலும் மூடி இன்னொரு கடையிலும் வாங்குவதற்கு வழி பிறந்துவிடுகிறது.

சேவையகத்தைப் பிஜிடிஜியிலிருந்து நிறுவி, டெவல் பொதியை மட்டும் இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்து எடுத்தால் என்னாகும்? ராக்கி 8இன் சொந்தக் களஞ்சியத்தில் லிப்பிகியூ 13ஆம் பதிப்பு வரிசையைச் சேர்ந்தது. அதன் பிஜி_கான்ஃபிக் எல்லாரும் தேடும் பொது அடைவில் அமரும். பிஜிடிஜியின் பிஜி_கான்ஃபிக்கோ 16ஆம் பதிப்புக்கென உள்ள தனி அடைவில் இருக்கும். தேடும் பாதையில் நாமாகச் சேர்த்தால் ஒழியக் கண்ணில் படாது. ஆகவே 16 ஓடும் கணினியில் 'உன் பதிப்பு என்ன?' என்று கேட்டால் 13 என்று விடை வரும். சாதாரண நிரல்களுக்கு இது பெரும்பாலும் உறைக்காது. லிப்பிகியூவின் வெளி இடைமுகம் பல ஆண்டுகளாக ஒரே எண்ணில் நிற்கிறது. பழைய ஹெடரைக் கொண்டு கட்டிய நிரல் புதிய லைப்ரரியோடு ஒத்துப்போகும். சேவையகத்திற்குள்ளேயே ஏற்றப்படும் நீட்சி ஒன்றை எழுதுகிறீர்கள் என்றால் கதை வேறு. 13இன் கோப்புகளைக் கொண்டு கட்டிய நீட்சியை 16 ஏற்காது. பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அப்படி அனுப்புவது நல்லது. உள்ளே விட்டால் தரவுக்கே ஆபத்து.

பழைய லைப்ரரி புதிய சேவையகத்தோடு பேசும்போது வரும் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 14ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் கடவுச்சொற்களை ஸ்க்ராம் என்ற முறையில்தான் இயல்பாகச் சேமிக்கிறது. அந்த முறை 10க்கு முந்திய லிப்பிகியூவுக்குத் தெரியாது. சென்ட்ஓஎஸ் 7இன் 9.2ஐக் கொண்டு கட்டிய நிரலிலிருந்து 14ஆம் பதிப்புச் சேவையகத்தை அணுகினால், கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும் கதவு திறக்காது. லிப்பிகியூ 10 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று பிழைச் செய்தி தெளிவாகவே சொல்கிறது. அதைப் படிக்காமல் கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

சரி, டெவல் பொதியையும் பிஜிடிஜியிலிருந்தே எடுத்துவிடலாம் என்றால் அங்கே வேறொரு கதவு. அதன் டெவல் பொதிக்கு பெர்ல் மொழியின் ஐபிசி ரன் என்ற துணை வேண்டும். பிஜிடிஜியில் அது கிடையாது. ராக்கி 8இல் பவர்டூல்ஸ் என்ற களஞ்சியத்தில் இருக்கிறது. அந்தக் களஞ்சியமோ தொடக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ராக்கி 9இல் இதற்கே சிஆர்பி என்று பெயர். 'இந்தத் துணையைத் தருவார் யாருமில்லை' என்று டிஎன்எஃப் சொல்லும்போது பிஜிடிஜி பழுது என்று நினைத்துவிட வேண்டாம். அணைந்திருக்கும் விளக்கைப் போட்டால் போதும். சென்ட்ஓஎஸ் 7இல் இது இன்னும் நீளம்: பிஜிடிஜியின் டெவல் பொதிகள் ஈபெலிலிருந்து ஒரு துணையும், மென்பொருள் தொகுப்புகளுக்கான தனிக் களஞ்சியம் ஒன்றிலிருந்து இன்னொரு துணையும் கேட்டன. ஒரு பொதிக்கு நான்கு களஞ்சியம்! ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். இதற்கு இரண்டு கால் போதாது.

வீட்டுக்குள்ளேயே இருப்பதால் மட்டும் பூசல் இல்லாமல் போய்விடுவதும் இல்லை. ஃபெடோரா, ரெட் ஹேட் குடும்பத்தில் பொது லிப்பிகியூ ஒன்று, புதிய சேவையகத்திற்கென 'பிரைவேட்' என்று பெயரிட்ட உள்வீட்டு லைப்ரரி ஒன்று என இரண்டு உண்டு. இவற்றின் டெவல் பொதிகள் இரண்டும் ஒரே கணினியில் சேராதவாறு பொதியைக் கட்டியவர்களே வேண்டுமென்று தடை வைத்திருக்கிறார்கள். சாதாரண நிரல் எழுதுகிறவர் பொது லிப்பிகியூவின் டெவலை எடுக்க வேண்டும். சேவையக நீட்சி எழுதுகிறவர் மற்றதை எடுக்க வேண்டும். முரண்பாடு என்று திரையில் வருவதெல்லாம் கோளாறு அல்ல. 'நீ எந்த வேலை செய்யப் போகிறாய், முதலில் முடிவு செய்' என்ற கேள்வியாகவும் அது இருக்கலாம்.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு

நம்மில் பெரும்பாலோர் மடிக்கணினியில் வைத்திருப்பது உபுண்டு என்பதால் அதையும் பார்ப்போம். அங்கே பிஜிடிஜியின் ஏபிடி களஞ்சியத்தில் சேவையகம் பல பதிப்புகளில் கிடைக்கும். ஆனால் லிப்பிகியூ டெவ் பொதி ஒன்றே ஒன்று, அதுவும் எப்போதும் புதிய பதிப்பு. நீங்கள் 14ஆம் பதிப்புச் சேவையகத்தை வைத்திருந்தாலும் டெவ் பொதி அதைவிடப் புதியதாகவே இருக்கும். இது குற்றமில்லை; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

தொல்லை வருவது களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டுப் பிறகு நீக்கும்போது. லிப்பிகியூ லைப்ரரி பிஜிடிஜியிலிருந்து வந்து கணினியில் உட்கார்ந்துவிட்டது. களஞ்சியத்தை எடுத்தாயிற்று. இப்போது உபுண்டுவின் டெவ் பொதியைக் கேட்டால், 'எனக்கு என் பதிப்புக்கு அச்சொட்டாகச் சமமான லைப்ரரிதான் வேண்டும். அதைவிடப் புதியது ஆகாது' என்று மறுத்துவிடும். ஏபிடி தானாகப் பின்னோக்கிப் போகாது. லைப்ரரியை உபுண்டுவின் பதிப்புக்கு நாமே இறக்க வேண்டும். அல்லது களஞ்சியத்தைத் திரும்பச் சேர்த்து இரண்டையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். எந்த வழியானாலும் லைப்ரரியும் டெவ்வும் ஒரே இடத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோருக்கு வேறொரு சங்கடம். 2008இல் சன் நிறுவனம் மைஎஸ்கியூஎலை வாங்கியது. 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கி முடித்தது. இடையில் 2009இல், மைஎஸ்கியூஎலைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான மைக்கல் வைடெனியஸ் அதிலிருந்து மரியாடிபியைப் பிரித்தார். மை என்பதும் மரியா என்பதும் அவருடைய இரு மகள்களின் பெயர்கள். அக்காள் தங்கை இருவரும் இப்போது ஒரே பொதிப்பெயருக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். 'இயல்பு மைஎஸ்கியூஎல் டெவ்' என்ற பொருளில் ஒரு பொதி டெபியனிலும் உண்டு, உபுண்டுவிலும் உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். டெபியனில் அது மரியாடிபியின் லைப்ரரியைக் கொண்டு வரும். உபுண்டுவில் மைஎஸ்கியூஎலின் லைப்ரரியைக் கொண்டு வரும். உபுண்டு மடிக்கணினியில் எழுதி, டெபியன் சேவையகத்தில் ஏற்றப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒப்படைப்பு நாளில் தூக்கம் கெடாது.

யார் வீட்டுப் பிள்ளை?

ஒரு பொதியை நிறுவுவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் வழக்கத்தை எங்கள் குழு வைத்துக்கொண்டது. பிஜிடிஜியின் பொதியென்றால் பதிப்பு எண்ணின் வாலிலேயே அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். எல்லாக் களஞ்சியத்தாரும் இப்படி முகவரி எழுதுவதில்லை. ஈபெல் பொதியின் வாலும் இயங்குதளப் பொதியின் வாலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அப்போது டிஎன்எஃப்பின் 'இன்ஃபோ' கட்டளையைக் கேட்க வேண்டும். நிறுவியாகிவிட்ட பொதி எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று ஒரு வரியில் சொல்லும். உபுண்டுவில் ஏபிடியின் 'பாலிசி' கட்டளை இன்னும் விரிவாக, எந்தக் களஞ்சியத்தில் எந்தப் பதிப்பு, எதற்கு எவ்வளவு முன்னுரிமை என்று அட்டவணை போடும்.

முன்னுரிமை என்றதும் ஒரு வேடிக்கை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் டிஎன்எஃப் தன் முன் உள்ளவற்றில் உயர்ந்த பதிப்பைத்தான் எடுக்கும். அதற்கு யார் வீட்டுப் பிள்ளை என்ற அக்கறை இல்லை. அதை மாற்ற ஒவ்வொரு களஞ்சியத்திற்கும் முன்னுரிமை எண் கொடுக்கலாம். இயல்பு எண் 99. எண் சிறியதானால் மதிப்புப் பெரிது, தேர்வில் முதல் இடம் வாங்குவது போல. ஏபிடியிலும் முன்னுரிமை எண் உண்டு. அங்கே இயல்பு எண் 500; எண் பெரியதானால்தான் மதிப்புப் பெரிது, மதிப்பெண் வாங்குவது போல. இரண்டு இயங்குதளங்களிலும் வேலை செய்பவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது.

பொறுப்பாளர் நிரலுக்கே தெரியாத களஞ்சியமும் ஒன்று உண்டு. பைதான் மொழியில் எழுதுவோர் பிப் கட்டளையின் மூலம் போஸ்ட்கிரெஸ் இணைப்புப் பொதியை எடுப்பார்கள். அதன் 'பைனரி' வடிவம் தனக்குள்ளேயே ஒரு லிப்பிகியூவை மடித்துக்கொண்டு வருகிறது. அதை நிறுவினால் டெவல் பொதியே தேவைப்படாது. பயிற்சிக்கு அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அந்த உள்மடிப்பு லைப்ரரியை டிஎன்எஃப்போ ஏபிடியோ பார்க்க முடியாது. பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் அதற்குப் போய்ச் சேராது. நிலையாக ஓட வேண்டிய சேவைக்கு மூலநிரலிலிருந்து கட்டிக்கொள்ளுமாறு அந்தப் பொதியின் ஆவணமே அறிவுறுத்துகிறது. மூலநிரலிலிருந்து கட்ட முனைந்தால் 'பிஜி_கான்ஃபிக் காணவில்லை' என்ற புகழ்பெற்ற செய்தி வரும். வந்தால் பயப்பட வேண்டாம். அது எந்தப் பொதியில் இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு இப்போது தெரியுமே.

பிஜிஅட்மின் போன்ற வரைகலைக் கருவிக்கும் தனிக் களஞ்சியம் உண்டு. அது தனக்கு வேண்டிய பைதான் துணைகளைத் தன் அடைவிலேயே வைத்துக்கொள்வதால் யாரோடும் பெரிதாக மோதுவதில்லை. இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

எங்கள் கணினியில் இறுதியாக நின்றது இது. போஸ்ட்கிரெஸ் மாட்யூலின் 16ஆம் ஓடை, அதே களஞ்சியத்தின் பொது லிப்பிகியூ, அதன் டெவல். பிஜிடிஜி சேர்க்கப்படவில்லை. ஒருவேளை 17, 18ஆம் பதிப்புகளின் வசதி தேவைப்பட்டால், அல்லது நிலவரைபடம் சார்ந்த போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற நீட்சிகளின் புதிய பதிப்பு வேண்டுமென்றால், பிஜிடிஜிதான் சரியான இடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்போது மாட்யூலை முடக்கி, லைப்ரரி, டெவல், சேவையகம் மூன்றையும் அங்கேயே எடுக்க வேண்டும். பாதி இங்கே பாதி அங்கே என்பதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன்.

அடுத்து வரும் குழுவினர் கவனிக்க வேண்டியவை சில உள. போஸ்ட்கிரெஸ் 16க்கு உருவாக்குநர்களின் ஆதரவு 2028 நவம்பரில் முடிகிறது. ராக்கி 8இன் ஆதரவு 2029 மே மாதம் முடிகிறது. ராக்கி 10க்குப் போனால் மாட்யூல் என்ற ஏற்பாடே இல்லை. போஸ்ட்கிரெஸ் 16 சாதாரணப் பொதியாகவே வருகிறது. பெயர் ஒன்றுதானே என்று பழைய தரவு அடைவை அப்படியே தூக்கி வைக்க வேண்டாம். இயங்குதளம் மாறினால் ஐசியுவின் பதிப்பும் மாறும்; வரிசை விதியும் சற்றே மாறியிருக்கலாம்; பழைய வரிசையில் கட்டிய சுட்டுவரிசையை நம்பித் தேடினால் இருக்கும் நூலும் இல்லை என்று வரக்கூடும். தரவு முழுவதையும் எழுத்துக் கோப்பாக இறக்கி, புதிய கணினியில் மறுபடி ஏற்றினால் சுட்டுவரிசைகள் தாமே புதிதாகக் கட்டப்படும். இறக்கும் கட்டளையும், இப்போது நிறுவியுள்ள பொதிகளின் பட்டியலும், ஒவ்வொன்றும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்ற குறிப்பும் அச்சிட்டுக் கழக அறையில் நூல் பதிவேட்டின் பின்அட்டையில் ஒட்டப்பட்டுள்ளன.